புது மாப்பிள்ளைக்கு விருந்து! பழைய மாப்பிள்ளைக்கு பில்!

(பட்டிமன்றத் தலைப்பு: 'வீட்டு இணைய இணைப்பில் ஒரே நிறுவனத்தை நம்பி நிற்பது லாபமா? நட்டமா?' - 'நட்டமே' அணியில் பேசியது)

  

நடுவர் ஐயா, ஒரு வேண்டுகோள். மணியை இப்பவே கையில் எடுக்காதீங்க. இன்றைக்கு நான் ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன். இந்த நிகழ்ச்சியைப் பாளையங்கோட்டையில் என் அப்பாவும் பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடம் சொல்ல வேண்டியது அது. கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் மணி அடித்துவிட்டால் அந்தப் பாவம் உங்களைச் சேரும்! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ரொம்ப உருக்கமாகப் பேசினார். '2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து சென்னை மிதந்ததே, அப்போது முழங்கால் தண்ணியில் நடந்து வந்து எங்க வீட்டு ஒயரைச் சரிபண்ணிக் கொடுத்தான் லைன்மேன் தம்பி. பல வருஷம் ஒரே இணைப்பில் இருந்ததற்குக் கிடைத்த மரியாதை அது' என்றார். நானும் கைதட்டினேன். ஆனால் ஐயா, அந்தத் தம்பி நல்லவன் என்பது அவனைப் பெற்ற தாய்க்குப் பெருமை. அதைக் கம்பெனி கணக்கில் ஏன் எழுதுகிறீர்கள்? தண்ணியில் நடந்து வந்தவன் மனுஷன். மாதா மாதம் பில் அனுப்புகிறது பாருங்கள், அதுதான் கம்பெனி! (கைதட்டல்)

நடுவர் அவர்களே, ஒரு சின்ன சோதனை செய்து பார்த்தேன். வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு போன் போட்டேன். 'புதிய இணைப்பு பெற எண் ஒன்றை அழுத்தவும்.' அழுத்தினேன். இரண்டாவது மணி அடிப்பதற்குள், 'வணக்கம் மேடம், சொல்லுங்க மேடம்!' குரலில் தேன் ஒழுகுது. வைத்துவிட்டு மறுபடி போட்டேன். 'புகாருக்கு எண் மூன்றை அழுத்தவும்.' அழுத்தினேன். பாட்டு வந்தது. அது முடிந்து இன்னொரு பாட்டு. நடுவில் ஒரு அம்மா, 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது' என்கிறார். நான் அடுப்பில் குக்கர் வைத்து, மூன்று விசில் வந்து, பருப்பு கடைந்து, தாளித்தும் இறக்கிவிட்டேன். அந்த அம்மாவுக்கு என் அழைப்பு இன்னும் முக்கியமாகவே இருக்கிறது! (சிரிப்பு, கைதட்டல்)

இதுதான் நிலைமை. வருகிறவனுக்கு வாசலில் வரவேற்பு. வந்தவனுக்குக் கொல்லைப்புறத்தில் பாட்டு.

எதிரணித் தலைவர் ஒரு வாதம் வைத்தார். 'புதுசாக வருகிறவர்களுக்குச் சலுகை கொடுப்பது வியாபார மரபுதானே? புது மாப்பிள்ளைக்கு விருந்து வைப்பதில்லையா?' என்று கேட்டார். வையுங்கள் ஐயா, தாராளமாக வையுங்கள்! புது மாப்பிள்ளைக்கு விருந்து போடுங்கள். பழைய மாப்பிள்ளைக்குப் பழையது போடுங்கள். அதையும் ஊறுகாய் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுவிடுவோம். ஆனால் புது மாப்பிள்ளை சாப்பிட்ட இலைக்கும் சேர்த்துப் பழைய மாப்பிள்ளையிடம் பில் நீட்டுகிறீர்களே, அது எந்த ஊர் மரபு? (பலத்த கைதட்டல்)

இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15. அப்போது தொலைபேசி கம்பி வழியாகக் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு வரும். 2004இல் அரசு பிராட்பேண்ட் கொள்கை வகுத்தபோது, நொடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தால் போதும், அது பிராட்பேண்ட் என்றார்கள். 2013இல் அந்த அளவு 512 ஆனது. 2023இல் 2 மெகாபிட் ஆனது. இன்றைக்குக் கண்ணாடி இழையில் வீட்டுக்குள் 100 மெகாபிட் சாதாரணமாக வருகிறது. வருஷா வருஷம் வேகம் கூடுகிறது. அதே வேகத்துக்கான விலை குறைகிறது. நல்ல விஷயம்தானே? ஆனால் அந்தக் குறைந்த விலை யாருக்கு? புதிய பிளானுக்கு. உங்க பழைய பிளான், ஆறு வருஷத்துக்கு முன்னால் எந்த விலையில் நின்றதோ அதே விலையில் அய்யனார் கோயில் குதிரை மாதிரி நிற்கிறது! யாரும் விலையை ஏற்றவில்லை. ஆனால் ஊரே இறங்கிய பிறகு நீங்கள் மட்டும் மாடியில் நிற்கிறீர்கள். 'இறங்கி வாங்க' என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது. கேட்டால் மாற்றிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கேட்கணும் என்று யார் உங்களுக்குச் சொன்னார்கள்?

சரி, நிறுவனத்தை மாற்றிவிடலாமே என்பீர்கள். கைப்பேசிக்கு அது சுலபம். 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க, எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டது. வீட்டு இணைப்புக்கு அப்படியா? புது ஒயர் இழுக்கணும். பெயின்ட் அடித்த சுவரில் புதுசா ஓட்டை போடணும். புதுப் பெட்டிக்கு டெபாசிட் கட்டணும். ஆள் வருகிற அன்றைக்கு ஆபீசுக்கு லீவு போடணும். ஆனால் அவர் அன்றைக்கு வரமாட்டார். மறுநாளும் லீவு போடணும்! (சிரிப்பு) 'இவ்வளவு பாடுபட்டு இவன் எங்கே போகப் போகிறான்' என்று அவர்களுக்குத் தெரியும் ஐயா. நம்முடைய அலுப்புதான் அவர்களுடைய முதலீடு.

நான் தமிழ் வாத்தியார். வள்ளுவரைத் தொடாமல் இறங்கினால் சம்பளம் செரிக்காது. திருக்குறளில் 'பழைமை' என்று ஒரு அதிகாரம் இருக்கிறது. நட்பு அதிகாரத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். நெடுநாள் பழகியவர் உரிமை எடுத்துக்கொண்டு எதையாவது செய்தால் பொறுத்துக்கொள்வதுதான் நட்புக்கு அழகு என்கிறார். இந்தக் கம்பெனிக்காரர்கள் அந்த அதிகாரத்தை நம்மைவிட நன்றாகப் படித்திருக்கிறார்கள். 'பழகியவன் எதைச் செய்தாலும் பொறுத்துக்கொள்வான்' என்று உரையும் எழுதிவிட்டார்கள்! (கைதட்டல்)

இனி என் அப்பா கதைக்கு வருகிறேன்.

அப்பா ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். வயது 82. 2020 ஊரடங்கில் வீட்டுக்கு இணைப்பு எடுத்தார். கனடாவில் இருக்கிற பேரனை அம்மா பார்க்கணும் என்பதற்காக. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் அம்மா தலைசீவி, பொட்டு வைத்து, அந்தச் சின்னத் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். மாதம் 999 ரூபாய், 40 மெகாபிட் வேகம், வரி தனி. அப்பா ஒரு மாதம்கூடக் கடைசித் தேதியைத் தாண்டவிட்டதில்லை. ரசீதை எல்லாம் கம்பியில் குத்தி வைத்திருப்பார்.

மாடியில் புதுசாகக் கல்யாணம் ஆன ஒரு தம்பதி குடிவந்தது. பதினான்கு மாதம் கழித்து ஒருநாள் பேச்சுவாக்கில் தெரிந்தது. அதே கம்பெனி. அதே கம்பத்திலிருந்து வருகிற ஒயர். அவர்களுக்கு 100 மெகாபிட், 599 ரூபாய்! கணக்கு வாத்தியாராச்சே, அப்பா உடனே பேப்பரை எடுத்தார். மாதம் 400. பதினான்கு மாதத்துக்கு 5,600. பதினெட்டு சதவீத வரியோடு 6,608 ரூபாய். அடிக்கோடு போட்டுவிட்டு போனை எடுத்தார்.

மூன்று நான்கு பாட்டு கேட்ட பிறகு ஒரு பெண் வந்தது. 'சார், அந்த ஆஃபர் புது கஸ்டமருக்கு மட்டும்தான் சார்.'

'அப்ப நான் யாரும்மா?'

'நீங்க எக்ஸிஸ்டிங் கஸ்டமர் சார்.'

'எக்ஸிஸ்டிங்னா உயிரோட இருக்கிறவன்னுதானே அர்த்தம்? உயிரோட இருக்கிறதுக்கா மாசம் நானூறு ரூபாய் வாங்குதீங்க?' (பலத்த சிரிப்பு)

அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டது. பிறகு நல்ல மனசோடு ஒரு வழி சொன்னது. 'சார், இதை கட் பண்ணிட்டு, வீட்டுல மேடம் பேருல புதுசா எடுத்துக்கோங்க. 599தான் வரும்.'

அப்பா பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, 'அவ இல்லம்மா. போய் ரெண்டு வருஷம் ஆச்சு. பேரனை அவ பாக்கணும்னுதான் இந்த லைனையே எடுத்தேன்' என்றார்.

அந்தப் பக்கமும் சத்தம் இல்லை. பிறகு அந்தப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னது: 'சாரி சார். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. எனக்கு இந்தக் கனெக்‌ஷனே வேண்டாம், கட் பண்ணுங்கன்னு சொல்லுங்க. வேற டிபார்ட்மென்ட்டுக்குப் போகும். அவங்க குறைச்சிருவாங்க.'

அப்பா சொன்னார்: 'நான் போகப் போறதில்லையேம்மா. பொய் சொல்லச் சொல்லுதியா? முப்பத்தாறு வருஷம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதேன்னு சொல்லிக்கொடுத்தவன் நான்.' போனை வைத்துவிட்டார். அடுத்த மாதமும் 999ஐ முதல் ஆளாகப் போய்க் கட்டினார்.

நடுவர் அவர்களே! போய்விடுவேன் என்று மிரட்டுகிறவனுக்கு 599. போகமாட்டேன் என்று நிற்கிறவனுக்கு 999. அந்த நானூறு ரூபாய் எதற்கான விலை? உண்மையாக இருந்ததற்கான விலை! எதிரணி நண்பர்களே, இதையா லாபம் என்கிறீர்கள்? (நீண்ட கைதட்டல்)

நம் ஊரில் மட்டும் இல்லை. இங்கிலாந்தில் இதற்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்கள்: விசுவாசத்துக்கு அபராதம்! 2018இல் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு அமைப்பு, கைப்பேசி, பிராட்பேண்ட், வீட்டுக் காப்பீடு, வீட்டுக்கடன், சேமிப்பு என்று ஐந்து துறைகளை எடுத்துக்கொண்டது. பழைய வாடிக்கையாளர்கள் ஆண்டுக்குச் சுமார் 400 கோடி பவுண்டு கூடுதலாகக் கட்டுகிறார்கள் என்று கணக்குப் போட்டு, போட்டிச் சந்தையைக் கண்காணிக்கும் ஆணையத்திடம் புகார் கொடுத்தது. 2020 பிப்ரவரியிலிருந்து அங்கே ஒரு விதி வந்தது. ஒப்பந்தம் முடியும் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்ல வேண்டும். புதியவருக்கு என்ன விலை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாகனக் காப்பீட்டிலும் வீட்டுக் காப்பீட்டிலும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2022 ஜனவரி முதல், புதுப்பிக்கிறவரிடம் புதியவரைவிடக் கூடுதலாக வாங்கவே கூடாது! சட்டம் நினைத்தால் முடியும் ஐயா. அந்த விதியை நம் வீட்டு இணைப்புக்கும் கொண்டு வாருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

அதுவரைக்கும் தாய்மார்களே, வருஷத்துக்கு ஒரு தடவை தீபாவளிக்கு வீடு ஒட்டடை அடிக்கிற அன்றைக்கு, அந்த பில்லையும் தட்டிப் பாருங்கள். புதியவருக்கு என்ன விலை என்று விசாரியுங்கள். உங்கள் பிளானை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். புகார் கொடுத்தால் புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். தீர்க்கவில்லை என்றால் அந்த நிறுவனத்திலேயே மேல்முறையீடு உண்டு. 2012இல் டிராய் கொண்டுவந்த விதி அது. சேவையில் குறை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பட்டினப்பாலை எதற்காகப் புகழ்கிறது தெரியுமா? வாங்கும்போது அளவுக்கு மேல் வாங்கவில்லை, கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்கவில்லை என்பதற்காக. முதல் தடவை வந்தவனுக்கு ஒரு விலை, பத்தாவது தடவை வந்தவனுக்கு ஒரு விலை என்று அந்தக் கடைத்தெருவில் யாரும் வைத்ததாக நான் படித்ததில்லை.

(மணி ஒலிக்கிறது)

முடித்துவிடுகிறேன் ஐயா. அந்த உண்மைக்கு வந்துவிட்டேன்.

அப்பா சொல்ல மறுத்த பொய்யை நான் சொன்னேன். மதுரையிலிருந்து அப்பா எண்ணைக் கொடுத்து போன் போட்டேன். 'நான் அவர் மகள். எங்களுக்கு இந்த இணைப்பு வேண்டாம், நிறுத்திவிடுங்கள்' என்றேன். பாட்டே வரவில்லை! பத்தே நிமிஷத்தில் 599க்கு இறங்கிவிட்டது. அடுத்த மாதம் பில்லைப் பார்த்துவிட்டு அப்பா கேட்டார், 'எப்படிம்மா குறைஞ்சுது?' நான் சொன்னேன், 'அவங்களா குறைச்சுட்டாங்கப்பா.' அது இரண்டாவது பொய். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. 'பாத்தியா, நேர்மையா இருந்தா தானா வரும்' என்றார். அதன் பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்பா! பாளையங்கோட்டையில் பார்த்துக்கொண்டிருக்கிற என் அப்பா! தானாக வரவில்லை. உங்க பொண்ணு பொய் சொல்லித்தான் வந்தது. என்னை மன்னிச்சிடுங்க. குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்யும் மெய்யோடு சேரும் என்று வள்ளுவர் ஒரு சலுகை கொடுத்திருக்கிறார். அது புதியவர், பழையவர் எல்லோருக்கும் பொருந்தும். நட்சத்திரக் குறி போட்டு அடியில் பொடி எழுத்தில் நிபந்தனை எதுவும் கிடையாது! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே! உண்மையாக இருக்கிற ஒருவரைப் பொய் சொன்னால்தான் நியாயம் கிடைக்கும் என்ற இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிற வியாபாரத்தில், நம்பி நிற்பது நட்டமே! நட்டமே! என்று தீர்ப்பளிக்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். 

(நீண்ட கைதட்டல்)