லாவெண்டர் எண்ணெய்: 2 துளி போதும்

நம் வீடுகள் பலவற்றில் இப்போது லாவெண்டர் எண்ணெய் மணக்கிறது. பூங்கதிர்களை நீராவியில் வடித்து எடுப்பது இது. ‘அரோமாதெரபி’ என்ற சொல்லைப் பரப்பியது, பிரெஞ்சு வேதியியலாளர் கட்டஃபோசே 1937-இல் வெளியிட்ட நூல். மனம் அமைதியாகி நல்ல தூக்கம் வரட்டும் என்று பலரும் இரவில் இதை முகர்கிறார்கள்.

ஆனால் இது மிகவும் செறிவானது. தோலில் அப்படியே தடவாதீர்கள். ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயில் 2 துளி போதும். காற்றுப்பட்டுப் பழசானது ஒவ்வாமை தரலாம். பூனையின் கல்லீரலுக்கு இதைச் சமாளிக்கும் திறன் குறைவு. அது இருக்கும் அறையில் டிஃப்யூசர் வேண்டாம்.

பாட்டிலைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள்.