பாலசந்தரின் கவிதாவும் ஜூனியரும்

விருத்தாசலத்திலிருந்து பேசுகிறேன். எங்கள் ஊர் என்றால் சிலருக்குப் பழமலைநாதர் கோயில், சிலருக்கு ரயில்வே ஜங்ஷன். எனக்குச் செராமிக் சூளை. பொம்மை, அகல் விளக்கு, பீங்கான் பியூஸ் எல்லாம் இங்கே செய்கிறோம். அச்சில் வார்த்த பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் கொட்டகையில் எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் வேலை. இப்போது புதிதாக வரும் பெண்களுக்குச் சொல்லித் தருகிறேன். இன்று இயக்குநர் கே. பாலசந்தரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அவரை நான் தெரிந்துகொண்டது அந்தக் கொட்டகையில்தான்.

பிறந்தது நன்னிலத்தில், 1930-இல். முத்துப்பேட்டையில் பள்ளி ஆசிரியர்; பிறகு சென்னையில் ஏ.ஜி. ஆபீஸ் உத்தியோகம், மாலையில் நாடகம். 1965-இல் 'நீர்க்குமிழி' மூலம் இயக்குநரானார். ஊரே வாயைப் பிளந்தது 1973-இல் 'அரங்கேற்றம்' வந்தபோது. அடுத்த வருஷம் 'அவள் ஒரு தொடர்கதை'. அதற்கடுத்து, தந்தை, மகன், தாய், மகள் உறவையே விடுகதையாக்கிய 'அபூர்வ ராகங்கள்'. ரஜினிகாந்துக்கு அதுதான் முதல் படம். இவற்றில் நான் நிற்கப் போவது கவிதாவிடம். 'அவள் ஒரு தொடர்கதை'யில் சுஜாதா நடித்த கவிதா.

ஒரு வருஷம் நவராத்திரிக்கு முந்தின மாதம். கொலு பொம்மை ஆர்டர் தலைக்கு மேல் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை டிவியில் அந்தப் படம் போட்டார்கள். மறுநாள் காலை நாங்கள் பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தோம். கண் எழுதும்போது யாரும் பேச மாட்டோம். கை ஆடினால் அம்மன் முகமே கோணிப்போகும். அன்றைக்கு எவராலும் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

குடிகார அண்ணன், அவன் மனைவி மக்கள், தங்கைகள், கண் தெரியாத தம்பி, எல்லாருக்கும் சோறு கவிதாவின் சம்பளத்தில். தன்னை விரும்பியவனைக் கைம்பெண்ணான தங்கைக்கே கட்டி வைக்கிறாள். கடைசியில் தனக்கென்று ஒரு கல்யாணம் கூடி வரும்போது, திருந்தத் தொடங்கிய அண்ணன் செத்துப்போகிறான். மறுபடி வேலைக்குக் கிளம்புகிறாள்.

"ஏன்க்கா, இது நல்லாவா இருக்கு? தாலி கட்டிக்கிட்டு போயிருக்கலாம்ல?" என்றாள் சின்னவள் ஒருத்தி.

பக்கத்தில் இருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள்: "நீ மட்டும் என்னா பண்ற? தம்பிக்கு காலேஜ் பீஸ் கட்டிட்டுதான இங்க வந்து உக்காந்திருக்க."

கொட்டகை அடங்கிப்போனது. சின்னவள் பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தாள். அன்றைக்கு அவள் எழுதிய கண்களில் ஒன்றுகூடக் கோணவில்லை, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நேயர்களே, நீங்கள் பொம்மை வார்ப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றுவோம். அச்சு ஈரத்தை உறிஞ்ச, ஓரமாக மண் கெட்டிப்படும். மிச்சத்தைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவோம். நன்றாகக் காய வேண்டும். ஈரம் தங்கினால் சூளையில் வெடித்துவிடும், பக்கத்தில் உள்ளதையும் உடைக்கும். கவிதாவின் சுடுசொல்லைப் பார்த்து அவளைத் திமிர் பிடித்தவள் என்பார்கள். எனக்கு அவள் ஈரத்தோடு சூளைக்குள் வைத்த பொம்மை. வெடிப்பாள் என்று படம் முழுக்கப் பயந்துகொண்டே இருந்தேன். அவள் வெடிக்கவில்லை. அதுதான் என்னை அதிகம் வருத்தியது.

பொம்மை என்றதும் 'அவர்கள்' படத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1977-இல் வந்தது. கமல்ஹாசன் அதில் பொம்மையைப் பேச வைக்கிறவர். பொம்மைக்குப் பெயர் ஜூனியர். கதாநாயகி அனுவிடம் தன்னால் சொல்ல முடியாததை ஜூனியரைச் சொல்ல வைப்பார். உயிரில்லாத முகத்தில் ஆசையும் கூச்சமும் தெரியும். நாள் முழுக்க முகம் எழுதுகிற எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கத் தீராது. அதைவிடப் பெரிது, அனுவின் மாமியார். மகன் செய்த கொடுமைக்காக, தான் யார் என்று சொல்லாமல் மருமகள் வீட்டு வேலைக்காரியாகச் சேருகிறாள். முடிவில் எந்த ஆணும் இல்லாமல் அனு ஊரை விட்டுப் போகும்போது அந்த மாமியார் கூடவே போகிறாள். தமிழ் சினிமாவில் அப்படி ஒரு மாமியாரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

'அரங்கேற்றம்' எனக்கு முழுச் சம்மதமில்லை. குடும்பத்துக்காக உடம்பை விற்ற லலிதாவைக் கடைசியில் பித்துப் பிடிக்க வைத்தாரே, அதை இன்றும் ஏற்க முடியவில்லை. அவள் பணத்தில் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே! ஆனால் பிள்ளைகளைப் பெற்றுக்கொண்டே போகும் ஏழைக் குடும்பத்தை, அதுவும் ஒரு புரோகிதர் வீட்டை, அப்படித் திரையில் நிறுத்த 1973-இல் நெஞ்சுரம் வேண்டும்.

நேரம் நெருங்கிவிட்டது. குடிதண்ணீருக்குத் தவித்த அத்திப்பட்டியைக் காட்டிய 'தண்ணீர் தண்ணீர்', சுஹாசினிக்குத் தேசிய விருது வாங்கித் தந்த 'சிந்து பைரவி' இரண்டையும் பெயரோடு நிறுத்துகிறேன். 2010-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்குக் கிடைத்தது. 2014 டிசம்பரில் மறைந்தார். 'அவர்கள்' எங்காவது கிடைத்தால் மாமியாரும் மருமகளும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள் தாயே. பார்த்தபின் ஜூனியரைப் பற்றி யாராவது என்னோடு பேச மாட்டார்களா என்று காத்திருக்கிறேன்.