ஈஸ்ட்லீ கடைத்தெருவும் நம் அடையாளக் கார்டும்
(சுங்காயில் நடந்த மக்கள் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஈப்போ லிட்டில் இந்தியாவுக்குத் தீபாவளிச் சாமான் வாங்கப் போயிருப்பீர்கள். அதைவிடப் பல மடங்கு பெரிய கடைத்தெரு ஒன்று ஆப்பிரிக்காவில், கென்யாவின் தலைநகர் நைரோபியில் இருக்கிறது. பெயர் ஈஸ்ட்லீ. வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே இந்தியர்கள் பலர் குடியிருந்தார்கள். இன்று அது சோமாலியர்களின் கோட்டை.

1991இல் சோமாலியாவில் ஆட்சி கவிழ்ந்து உள்நாட்டுப் போர் மூண்டது. உயிர் தப்பி ஓடி வந்தவர்கள், ஈஸ்ட்லீயில் முன்பே இருந்த தங்கள் இனத்தாரிடம் ஒண்டினார்கள். அங்கே காரிஸ்ஸா லாட்ஜ் என்று ஒரு தங்கும் விடுதி. இரவில் படுத்த அறையிலேயே பகலில் துணிமணி விற்றார்கள். கட்டிலே கடை! கொஞ்ச காலத்தில் அந்த விடுதியே பேரங்காடி ஆகிவிட்டது. அதைப் பார்த்து மற்றவர்களும் கட்டினார்கள். டுபாயிலிருந்து சரக்கு வந்தது. பக்கத்து நாட்டு வியாபாரிகளும் மொத்தமாக வாங்க வந்தார்கள்.

முதல் எங்கிருந்து வந்தது? வெளிநாட்டுச் சொந்தங்கள் அனுப்பிய பணம், ஒருவர் வாய்ச்சொல்லை ஒருவர் நம்பிய கடன், அப்புறம் பெண்கள் மாதா மாதம் பணம் போட்டு முறை வைத்து எடுத்துக்கொண்ட 'அயூத்தோ'. நம் அம்மாக்கள் லயத்தில் போட்ட அதே கூட்டுதான். (கூட்டு பிடிப்பதையே தொழிலாக நடத்துவது நம் நாட்டில் 1971 முதல் சட்டப்படி குற்றம். கவனம்!)

ஆனால் கடை இருந்தால் மட்டும் போதுமா? கென்யாவிலேயே பிறந்த சோமாலியர்களும் அங்கே உண்டு. 1989இல் அரசு அவர்களை மட்டும் தனியாக நிறுத்தி, "நீ குடிமகனா?" என்று சோதித்தது. 2012 டிசம்பரில், நகரத்து அகதிகள் எல்லாரும் முகாமுக்குப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. வழக்குப் போட்டார்கள். 2013 ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அடுத்த ஆண்டே, தீவிரவாதத் தாக்குதல்களைக் காரணம் காட்டி, போலீஸ் வீடு வீடாகப் புகுந்தது. ஆயிரக்கணக்கானோர் பிடிபட்டார்கள். பலரை ஒரு விளையாட்டு அரங்கத்தில் அடைத்தார்கள். குண்டு வைத்தவன் குற்றவாளி, சரி. துணி விற்றவள் என்ன செய்தாள்?

இப்போது நம் கதைக்கு வருகிறேன். பால்மரம் போய் செம்பனை வந்தது. தோட்டம் கைமாறியது, லயத்தை விட்டு வெளியே வந்தோம். பலருக்கு இரவுச் சந்தைதான் பிழைப்பு. இந்தப் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி வடை போட்டால் வரிசை நிற்கும். தோட்டத்திலேயே பிறந்தவள். ஆனால் பிறப்பைப் பதியவில்லை, நீலக் கார்டு இல்லை. குடிமகனோ நிரந்தரவாசியோ இல்லாமல் எஸ்.எஸ்.எம்மில் சொந்தப் பெயரில் வியாபாரம் பதிய முடியாது. அதனால் லைசென்ஸ் வேறொருவர் பெயரில். அந்தக் குடும்பத்தோடு மனஸ்தாபம் வந்தது, அவ்வளவுதான். எட்டு வருஷ உழைப்பு, ஒரே ராத்திரியில் இடம் போய்விட்டது. சட்டம் படித்த என்னாலும் அவளுக்கு அந்த இடத்தை மீட்டுத் தர முடியவில்லை. அவள் பெயரில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லையே!

இன்னொன்று. கோபித்துக் கொள்ளாதீர்கள். செம்பனைக் காட்டில் வங்காளதேசத்துத் தொழிலாளியைப் பிடித்துப் போனால், "நல்லா வேணும்" என்று நம்மில் சிலர் சொல்கிறோம். நம் தாத்தாவும் கப்பலில்தான் வந்தார்.

பிள்ளை பிறந்து 60 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். நாள் கடந்திருந்தாலும் தாமதப் பதிவுக்கு மனுச் செய்யலாம். பெற்றோர் அடையாளக் கார்டு, திருமணப் பத்திரம், கிளினிக் புத்தகம், பள்ளிக் கடிதம், எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். பழைய தோட்டத்துச் சம்பளச் சீட்டு இருந்தால் அதையும் தூக்கிப் போடாதீர்கள். கூட்டம் முடிந்ததும் பின்பக்க மேசையில் இருப்பேன். பத்திரம் இல்லாத பிள்ளை வீட்டில் இருந்தால், கூச்சப்படாமல் வந்து பேசுங்கள். கட்டணம் இல்லை.