அடிபட்டவருக்கும் ஓர் ஆட்டம்

(நம் முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உனக்குப் பிடிச்சதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுப்பா" என்று செயலாளர் சொல்லிவிட்டார். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் காலம் தள்ளியவன் நான். ஹெல்மெட், கையுறை என்று ஆரம்பித்துவிடுவேனோ என்று சிலர் பயப்படுவது தெரிகிறது. பயப்பட வேண்டாம். இன்று நான் பேசப் போவது விளையாட்டைப் பற்றி. விளையாட்டில் அடிபட்டவன் எப்படித் தேறி வர வேண்டும் என்பதைப் பற்றி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆறு பிள்ளைகள் கூடுவார்கள். பாய் விரித்து, தாளும் பென்சிலும் தாயக்கட்டையும் வைத்துக்கொண்டு கதை விளையாட்டு ஆடுவோம். ஆளுக்கொரு பாத்திரம். ஒருவன் படகோட்டி, ஒருத்தி விஞ்ச் ஓட்டுபவள், இன்னொருவன் துறைமுகத்துக் கணக்கப்பிள்ளை. நான் கதைசொல்லி. "புயல் வருது, நீ என்ன பண்றே?" என்று நான் கேட்பேன். அவர்கள் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்பதைக் கட்டை சொல்லும்.

இந்த மாதிரி விளையாட்டுக்கு உலகத்தில் முன்னோடி 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கியது. அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உயிர்ப் புள்ளிகள் உண்டு. அடி விழுந்தால் புள்ளி குறையும், பூஜ்யமானால் ஆள் காலி. இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? இரும்புக் கவசக் கப்பல்களை வைத்துத் தாம் முன்பு செய்திருந்த ஒரு போர் விளையாட்டிலிருந்து எடுத்ததாக ஆர்னசனே சொல்லியிருக்கிறார். கப்பலுக்குப் போட்ட கணக்கை மனுஷனுக்குப் போட்டுவிட்டார்கள்!

காசிமேட்டைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் உள்ள சிக்கல் உடனே புரியும். ஓட்டை விழுந்த ஃபைபர் படகைக் கரையேற்றி, ஒட்டுப் போட்டு, காய்ந்ததும் தண்ணீரில் தள்ளிவிடலாம். படகு வருத்தப்படாது. மனுஷன் அப்படியா?

தேறுவதற்கான விதியும் காலத்துக்குக் காலம் மாறியது. 1979-ல் வந்த விதிப் புத்தகப்படி ஒரு நாள் ஓய்வெடுத்தால் ஒரு புள்ளி, நான்கு வாரம் தொடர்ந்து படுத்தால் எல்லாம் திரும்பிவிடும். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் எட்டு மணி நேர ஓய்வுக்குள் உயிர்ப் புள்ளி முழுசாக வந்துவிடும். முன்னதில் கதை ஒரு மாதம் நின்றுபோகும். பின்னதில் அடிபட்டதற்கே அர்த்தமில்லை, காலையில் எழுந்து பல் தேய்த்தால் சரியாகிவிடும்!

நாங்கள் முதலில் பழைய விதியைத்தான் வைத்து ஆடினோம். இரண்டாவது வாரமே விஞ்ச் ஓட்டும் பெண்ணுக்குக் கதையில் கை முறிந்தது. அந்தப் பாத்திரத்தை ஆடிய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அங்கிள், அப்போ இனிமே நான் இன்னா பண்றது? சும்மா குந்திக்கினு இருக்கணுமா?"

அந்தக் கேள்விக்கு எந்தப் புத்தகத்திலும் பதில் தேட எனக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் அதே கேள்வியை நான் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

என் தகப்பனார் ராயபுரத்தில் குடியிருந்து கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். நான் பள்ளியில் படிக்கும்போது கம்பி வடத்தில் அவருடைய வலது கையின் இரண்டு விரல்கள் போயின. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். இரண்டு கையும் போனால் 100 சதவீதம். கட்டை விரலுக்கு 30. ஒரு கையில் இரண்டு விரலுக்கு 20. ஆள்காட்டி விரல் மட்டும் என்றால் 14, நடுவிரல் மட்டும் என்றால் 12. சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதற்கான கணக்கு அது. அந்தக் கணக்கு வேண்டும். அது இல்லாத காலத்தில் அடிபட்டவன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனான். ஆனால் நைனா ஐந்து மாதம் திண்ணையில் உட்கார்ந்திருந்ததற்கு அந்த அட்டவணையில் கட்டமே கிடையாது.

வலியைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். தெருவே வேலைக்குப் போன பிறகு தனியாக உட்கார்ந்திருப்பதுதான் அவரைத் தின்றது. அப்போது அவரோடு வேலை செய்த ஒருவர் தினமும் சாயங்காலம் வருவார். "அண்ணே, நாளைக்கு மெஷின் பெட்டி ஒண்ணு இறங்குது, ஒரு பக்கம் கனமா கீது. வடத்தை எங்கே போடலாம்?" என்பார். நைனா தரையில் சாக்பீஸால் படம் போட்டுக் காட்டுவார். வந்தவருக்கு விஷயம் தெரியாமலா இருந்திருக்கும்? தெரியும். ஆனாலும் கேட்டார். அந்தக் கேள்விதான் அன்றைக்கு நைனாவின் ஆட்டம். அவர் தேறியது அதனால்தான் என்பது என் எண்ணம்.

நம் ஊர் விளையாட்டுகளையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். தாயத்தில் வெட்டுப்பட்ட காய் வெளியே போனால் மறுபடி தாயம் விழுந்தால்தான் உள்ளே வரும். எல்லாம் அதிர்ஷ்டம். சடுகுடுவில் அப்படியில்லை. அவுட் ஆனவன் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பான், தன் கட்சிக்காரர் எதிரியில் ஒருவரை அவுட் ஆக்கினால் இவன் உள்ளே வருவான். முதலில் போனவன் முதலில் வருவான். இன்னொருவர் உழைப்புதான் இவனுக்கு உயிர் கொடுக்கிறது. வடசென்னைக்குப் பேர்போன குத்துச்சண்டையில் வேறொரு அறிவு உண்டு. தலையில் அடிபட்டு நாக்-அவுட் ஆன வீரர் குறைந்தது ஒரு மாதமாவது வளையத்துக்குள் இறங்கக் கூடாது என்பது அமெச்சூர் விதி. அவரே "எனக்கு ஒண்ணுமில்லை" என்றாலும் விட மாட்டார்கள்.

இவற்றையெல்லாம் சேர்த்து மாடியில் நாங்களே நான்கு விதிகள் செய்துகொண்டோம்.

ஒன்று: காயத்தை எண்ணால் எழுதாதே, சொல்லால் எழுது. கீறல், காயம், முறிவு என்று மூன்றே படி. "வலது கை முறிவு, விஞ்ச் பிடிக்க முடியாது" என்று தாளில் எழுத வேண்டும். கீறல் அன்றைய கதையோடு போய்விடும். மற்றவை போகாது.

இரண்டு: காயம் தானாக ஆறாது. கூட்டாளி ஒருவர் தம் ஆட்டத்தைச் செலவழித்துப் பார்த்துக்கொண்டால் ஒரு படி இறங்கும். சடுகுடுவிலிருந்து எடுத்தது இது. ஆட்டத்தை விட்டுக்கொடுப்பதா, கொள்ளைக்காரனைத் துரத்துவதா என்று பிள்ளைகள் போடும் சண்டையைக் கேட்க வேண்டுமே! அதேபோல், முறிவுபட்ட பாத்திரம் கதையில் ஒரு மாதம் அந்த உறுப்பால் வேலை செய்யக் கூடாது. யார் வீராப்புப் பேசினாலும் கூடாது. இது குத்துச்சண்டைக்காரர்களிடம் கற்றது.

மூன்று: அடிபட்டவருக்கும் ஓர் ஆட்டம் உண்டு. படுத்திருக்கும் பாத்திரம் தன் முறை வரும்போது தனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்லலாம். அது கதையில் உண்மையாகிவிடும். இது சாயங்காலம் வந்த அந்த மனிதர் தந்த விதி.

நான்கு: முறிவு ஆறினாலும் ஒரு தழும்பு நிற்கும். அது என்ன தழும்பு என்பதைக் கட்டை சொல்லாது, கதைசொல்லியும் சொல்ல மாட்டான். அந்தப் பாத்திரத்தை ஆடுபவரே சொல்ல வேண்டும்.

"இப்படிச் செய்தால் பயமே போயிடாதா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மூன்றாவது முறிவோடு பாத்திரம் இறந்துவிடும் என்பதை நாங்கள் எடுக்கவில்லை. ஆபத்து இல்லாவிட்டால் கதையே கிடையாது.

அந்தப் பெண் தன் விஞ்ச்காரிக்கு என்ன தழும்பு வைத்தாள் தெரியுமா? "கை முன்ன மாதிரி மடங்காது. ஆனா இப்போ அவ ஹேட்ச் ஓரத்துல நின்னு சிக்னல் காட்டுறா. அவ கை அசைஞ்சாதான் சரக்கு இறங்கும்" என்றாள். நைனாவின் கதை அவளுக்குத் தெரியாது. நான் அதுவரை சொன்னதில்லை.

நண்பர்களே, இந்த அரங்கில் பைபாஸ் செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். ஸ்ட்ரோக் வந்து மீண்டவர் இருக்கிறார். வர முடியாமல் வீட்டில் இருப்பவர்களும் நம் வகுப்பில் உண்டு. அவர்களைப் பார்க்கப் போகும்போது ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போகிறோம். நல்லது. கூடவே ஒரு கேள்வியையும் எடுத்துப் போங்கள். கணக்கில் கெட்டிக்காரரிடம் பேரனின் கணக்கைக் கேளுங்கள். வயரிங் தெரிந்தவரிடம் வீட்டு மெயினைப் பற்றிக் கேளுங்கள். பதில் உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் கேளுங்கள்.