திருச்செங்கோடு: யார் சாதி தாண்டலாம்?

(வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருச்செங்கோட்டின் வரலாற்றைப் பேசச் சொன்னீர்கள். ஊர் வரலாறு எழுத நம் பக்கத்தில் ஒரு வாய்பாடு இருக்கிறது. முதலில் மலை, பிறகு கோயில், அடுத்து தலைவர்கள், கடைசியில் தொழில். நானும் அதே வரிசையில்தான் போகப்போகிறேன். ஆனால் ஒவ்வோர் இடத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு போவேன்: இங்கே யார் யாரோடு சேரலாம்?

இந்தக் கேள்வி அண்ணல் அம்பேத்கரிடமிருந்து வந்தது. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையிலேயே அவர் சொல்லிவிட்டார், சாதியின் உயிர்நாடி அகமணம் என்று. அப்படியென்றால் ஓர் ஊரின் சாதியை அறிய அதன் கல்யாணங்களைத்தான் பார்க்க வேண்டும்.

மலையிலிருந்து தொடங்குவோம். சம்பந்தர் பாடிய கொடிமாடச் செங்குன்றூர் இதுதான். ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறிப் போனால் அர்த்தநாரீசுவரர், பாதி ஆண், பாதி பெண். ஆணும் பெண்ணும் ஒன்று என்று சொல்லும் தெய்வத்தை ஊரே கும்பிடுகிறது. ஆனால் எந்த ஆண், எந்தப் பெண் என்பதைத் தெய்வத்திடம் விடுவதில்லை. அதை அடிவாரத்தில் இருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள்.

அடுத்து தலைவர்கள். 1925 பிப்ரவரியில் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகியவை அதன் வேலைகள். அதே ஆண்டு மே மாதம், காவிரிக்கு அந்தப் பக்கம் ஈரோட்டில், பெரியார் 'குடிஅரசு' இதழைத் தொடங்கினார். இரண்டுக்கும் இடையே அதிகத் தொலைவு இல்லை. சாதியைத் திருத்தலாம் என்ற அரசியலும் சாதியை ஒழிக்க வேண்டும் என்ற அரசியலும் சில மாத இடைவெளியில் ஆற்றின் இரு கரைகளிலும் முளைத்தன.

இன்னொருவர், குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சர். இவருடைய ஆட்சியில்தான் முத்தையா முதலியார் வகுப்புவாரி ஆணையை நடைமுறைப்படுத்தினார். 1932இல், சட்டமன்றத்தில் ஆலய நுழைவுக்கான முயற்சியைக் கையில் எடுத்தவரும் இவரே. அவருடைய மசோதாவுக்கு வைஸ்ராய் 1933 ஜனவரியில் அனுமதி மறுத்தார். அந்தக் காலத்தில் ஆலய நுழைவைப் பற்றி அறிக்கை விட்ட அம்பேத்கர், கோயில் கதவு திறந்தால் போதுமா, அதற்குப் பிறகு என்ன என்று கேட்டார். அந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு தலைவர்களின் வீட்டுக் கல்யாணங்களைப் பாருங்கள். கொங்கு வேளாளரான சுப்பராயன் மணந்தது மங்களூர் சாரஸ்வத பிராமணக் குடும்பத்தின் ராதாபாயை. தாழ்த்தப்பட்டோர் கல்விக்காக உழைத்த குத்முல் ரங்கராவின் மகள் அவர். அந்தத் தம்பதியின் பிள்ளைகளில் ஒருவர் ராணுவத் தலைமைத் தளபதி ஆனார். மோகன் குமாரமங்கலமும் பார்வதி கிருஷ்ணனும் கம்யூனிஸ்டுகள் ஆனார்கள். ராஜாஜியின் மகள் லட்சுமி 1933இல் காந்தியின் மகன் தேவதாசை மணந்தார். பிராமணப் பெண், பனியா மாப்பிள்ளை. இரண்டுமே சாதி தாண்டிய திருமணங்கள். இரண்டு குடும்பங்களையும் நாடு கொண்டாடியது. கொண்டாட வேண்டியவைதான்.

ஆக, சாதி தாண்டிய திருமணம் இந்த மண்ணுக்குப் புதிது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த வட்டாரத்தின் பெரிய பெயர்களே செய்த காரியம் அது. நிலமும் பதவியும் உள்ளவர் தாண்டினால் அதற்குச் சீர்திருத்தம் என்று பெயர். ஒரு தலித் இளைஞன் தாண்டினால்?

கோகுல்ராஜ் தாண்டக்கூட இல்லை. ஓமலூரைச் சேர்ந்த 21 வயதுப் பொறியியல் பட்டதாரி. 2015 ஜூன் 23 அன்று உடன் படித்த தோழியோடு திருச்செங்கோடு மலைக்கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டார். தற்கொலைக் கடிதம் ஒன்றை அவர் கையாலேயே எழுதவைத்தார்கள். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் தலை துண்டிக்கப்பட்ட உடலாகக் கிடந்தார். வழக்கை விசாரித்துவந்த டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா செப்டம்பர் 18 அன்று தன் குடியிருப்பில் இறந்து கிடந்தார். வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டது. 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. 2023 ஜூன் 2 அன்று யுவராஜின் ஆயுள் தண்டனையைச் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. கோயிலின் சிசிடிவி பதிவு முக்கியமான சாட்சி.

இப்போது அம்பேத்கரின் கேள்விக்கு வருவோம். 1947இலேயே சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்துவிட்டது. கோகுல்ராஜைக் கோயில் வாசலில் யாரும் தடுக்கவில்லை. உள்ளே போனார், ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றார். அங்கேதான் தடுத்தார்கள். கதவு திறந்த பிறகு என்ன என்ற கேள்விக்கு 82 ஆண்டுகள் கழித்து இந்த ஊர் தந்த பதில் அது.

அதே ஆண்டின் தொடக்கத்தில் நடந்ததையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வெளிவந்த நாவல். நான்கு ஆண்டுகள் யாரும் பேசவில்லை. 2014 டிசம்பரில் எரித்தார்கள், ஜனவரியில் கடையடைப்பு நடத்தினார்கள். ஜனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் அவரை உட்காரவைத்து மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். ஊர்ப் பெண்களை இழிவுபடுத்திவிட்டார் என்பது குற்றச்சாட்டு. 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்றது. தேர்த் திருவிழாவின் ஓர் இரவில், குழந்தை இல்லாத பெண்ணொருத்தி முகம் தெரியாத ஆணோடு சேரலாம் என்கிறது கதை. அந்த இருட்டில் அவன் என்ன சாதி என்று தெரியாது. என் வாசிப்பில், அவர்களைச் சுட்டது அதுதான். ஜனவரியில் கதையில் வந்த ஓர் இரவைத் தாங்க முடியாத கூட்டம், ஜூனில் ஒரு பகலையும் தாங்கவில்லை.

கடைசியாகத் தொழில். விசைத்தறி, லாரி, ரிக் வண்டி. திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆழ்துளைக் கிணறு போடாத மாநிலம் இல்லை. மொழி தெரியாத ஊரில் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். வட மாநிலப் பையன்கள் வண்டியில் வேலை செய்கிறார்கள். வண்டி நாடு முழுக்கப் போகிறது, பணம் எங்கிருந்தும் வருகிறது. சம்பந்தம் மட்டும் பக்கத்துத் தெருவைத் தாண்டுவதில்லை. கள ஆய்வுக்காக அங்கே வாடகைக்கு வீடு தேடினேன். யாரும் சாதியைக் கேட்கவில்லை. "கொலசாமி எதுங்க?" என்று அன்பாகத்தான் கேட்டார்கள். பதில் சொன்னதும், வீடு ஏற்கெனவே பேசி முடிஞ்சிருச்சுங்க என்றார்கள். அந்த வீடு பிறகும் பூட்டியே கிடந்தது.

தொழில் வளர்ந்தால் சாதி தானாகக் கரையும் என்று இனியும் காத்திருக்க முடியாது. 2018இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதி மறுப்புத் திருமணம் செய்வோரைக் காக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் தனிப் பிரிவு வேண்டும் என்றது, பாதுகாப்பு இல்லங்களையும் வலியுறுத்தியது. உங்கள் மாவட்டத்தில் அந்தப் பிரிவு எங்கே இயங்குகிறது, அதன் தொலைபேசி எண் என்ன, இதுவரை எத்தனை பேர் அங்கே வந்தார்கள்? தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், வந்த பதிலை எல்லோருக்கும் தெரியப்படுத்துங்கள். ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் கேட்கும் போராட்டத்துக்கு அந்தப் பதில்கள் தேவைப்படும். அதைவிட முக்கியமாக, எங்காவது இரண்டு பேர் இன்றிரவு ஊரைவிட்டுக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு அந்த எண் தேவைப்படும்.