மூன்று இராணிகளும் பிறவாத தம்பியும்

(பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



1954 ஏப்ரலில் இரண்டாம் எலிசபெத் மகாராணியார் கொழும்புக்கு வந்தபோது, எங்கள் மூத்த அக்காமார் சிலர் வெயிலில் நின்று கொடி அசைத்தவர்கள். முடிசூட்டு விழாவில் அணிந்த அதே ஆடையோடு அவர் நமது பாராளுமன்றத்தைத் திறந்துவைத்ததை இன்றும் சொல்லுவார்கள். ஆனால் அவர்கள் வீடு திரும்பியது ஒரு கேள்வியோடு: "இராணியின்ரை புருசன் ஏன் ராசா இல்லை?" அன்று ஒருவரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லையாம். இன்று நாங்கள் சொல்லிப் பார்க்கிறோம்.

நமக்கு 'இராணி' என்ற ஒரு சொல் போதும். பிரித்தானிய முடியாட்சியிலோ அந்தச் சொல்லுக்குள் பலர் இருக்கிறார்கள். 1952 பெப்ரவரியில் ஆறாம் ஜோர்ஜ் மன்னர் இறந்தபோது, கறுப்பு முக்காட்டுடன் மூன்று இராணிகள் நிற்கும் புகைப்படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். மன்னரின் தாய் மேரி, மனைவி எலிசபெத், மகள் எலிசபெத். மூவருமே இராணிகள்; ஆள்பவர் 25 வயது மகள் மட்டுமே.

மற்ற இருவரும் மன்னர்களை மணந்ததால் இராணியானவர்கள். கணவரோடு அவர்களுக்கும் முடிசூட்டப்பட்டது. ஆனால் பிரதமரை நியமிப்பதும் சட்டமூலத்துக்கு ஒப்புதல் கொடுப்பதும் அவர்கள் வேலையல்ல. தாய்க்கும் மகளுக்கும் ஒரே பெயர் என்பதால், குழப்பம் வராமல் தாயார் 'இராணித் தாய்' என அழைக்கப்பட்டார். விதவையென்று அவரை மூலையில் இருத்தவுமில்லை. மகள் வெளிநாட்டில் இருக்கும்போது அவருக்காகக் கையெழுத்திடக்கூடியவர்களுள் ஒருவராக 1953ஆம் ஆண்டுச் சட்டம் அவரைச் சேர்த்தது.

இனி அக்காமாரின் கேள்வி. மன்னரின் மனைவி இராணியாவார்; இராணியின் கணவர் மன்னராவதில்லை. 'மன்னர்' என்ற பட்டம் 'இராணி'யிலும் மேலானதென்று எண்ணப்பட்டதே காரணம். கணவரை மன்னரென்றால், ஆள்பவர் யார் என்ற மயக்கம் வந்துவிடும். விக்டோரியாவின் கணவர் அல்பேர்ட்டுக்கு 1857இல் இளவரசத் துணைவர் என்ற பட்டம் கிடைத்தது. பிலிப்புக்கு ஐக்கிய இராச்சியத்தின் இளவரசர் பட்டம் கிடைத்தது 1957இல். சரியாக நூறு வருடம்! பெண்ணின் பதவியைக் காப்பதற்காக ஆணின் பட்டத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. இதை மரியாதை என்பதா, அவமதிப்பு என்பதா? எங்கள் வகுப்பில் இன்னும் இரண்டு கட்சி.

எங்களை அதிகம் உறுத்தியது வேறொன்று. எலிசபெத்தின் உரிமை, தகப்பனார் உயிரோடிருந்த கடைசி நாள்வரை உறுதியானதல்ல. ஒரு தம்பி பிறந்திருந்தால், தொட்டிலில் கிடக்கும் அவனுக்கே முடி போயிருக்கும். அக்கா எவ்வளவு படித்திருந்தாலும், போர்க்காலத்தில் இராணுவ லொறி பழுதுபார்க்கப் பழகியிருந்தாலும் அது மாறாது. எட்டுத் திக்கிலும் மகாராணியாரென வரவேற்கப்பட்டவர், தம்பி இல்லாததால் அந்த இடத்துக்கு வந்தவர். தம்பி பிறந்ததும் தங்கள் படிப்புச் செலவு சுருங்கியதைக் கண்ட சகோதரிகள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள்.

2013இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அந்த விதியை மாற்றியது. 2015 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. அடுத்த மே மாதம் இளவரசி சார்லட் பிறந்தார். 2018இல் தம்பி லூயி வந்தார். அக்கா தன் இடத்திலேயே இருக்கிறார்.