சதீஷ் ஷாவும் எங்கள் வெள்ளிக்கிழமைகளும்

(நமது சங்க மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2025 அக்டோபர் 25-ம் தேதி மும்பையில் காலமான நடிகர் சதீஷ் ஷாவைப் பற்றி நாலு வார்த்தை பேசுகிறேன் என்றதும், "குஜராத்தி நடிகருக்கும் நமக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று கேட்டார் ஒரு நண்பர். சொல்கிறேன்.

1984-ல் செம்பூரில் நாங்கள் இருந்த மாடியில் ஒரே ஒரு வீட்டில்தான் டிவி. கும்பகோணத்திலிருந்து புதிதாக வந்த என் மனைவிக்கு ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. காய்கறிக்காரரிடம் விரலைக் காட்டித்தான் வியாபாரம். வெள்ளிக்கிழமை இரவு தூர்தர்ஷனில் 'யே ஜோ ஹை ஜிந்தகி' பார்க்க அந்த வீட்டுக்குப் போவோம். வசனம் புரியாமலே இவரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். பம்பாய் வந்தபின் அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. "ஏன்னா, என்ன சொல்றார்?" என்று என்னைக் கேட்டுக் கேட்டே ஹிந்தி கற்றுக்கொண்டாள்.

அத்தொடரில் அவருக்கு வாரம் ஒரு வேடம், மொத்தம் 55. நான் கெமிஸ்ட்ரி படித்தவன். கார்பன் ஒன்றே பென்சில் முனையாகவும் வைரமாகவும் இருப்பதுபோல, அதே உருண்டை உடம்பு, ஆனால் வாரா வாரம் வேறு ஆசாமி!

1951-ல் பிறந்தவர், புனே திரைப்படக் கல்லூரியில் பயின்றவர். 1983-ல் குந்தன் ஷா இயக்கிய 'ஜானே பி தோ யாரோ'வில் லஞ்சம் வாங்கும் முனிசிபல் கமிஷனர் டிமெல்லோவாக வந்தார். பாதியில் செத்துப் போகிறார். அப்புறம்தான் அவருக்கு வேலையே! பிணத்தை ஊரெல்லாம் இழுத்தடித்து, கடைசியில் புடவை சுற்றி மகாபாரத நாடக மேடையில் திரௌபதியாக நிறுத்துகிறார்கள். ஹாஸ்ய நடிகனுக்குக் கண்ணும் குரலும்தான் மூலதனம். இரண்டும் இல்லாமல் சிரிக்க வைத்தார். சர்க்கார் உத்தியோகஸ்தனான நான் மட்டும் அந்தக் கமிஷனரைப் பார்த்துச் சற்று நெளிந்துகொண்டே சிரித்தேன்.

2004-ல் 'சாராபாய் வர்சஸ் சாராபாய்'. கஃப் பரேட் பணக்கார வீட்டின் குறும்புக்கார அப்பா இந்திரவதன். மனைவி மாயாவாக ரத்னா பாடக் ஷா, மகனாக சுமீத் ராகவன். (ராகவன் என்றதும் நம்மவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள்!) அப்போது அது பெரிதாக எடுபடவில்லை. பிற்பாடு இளைஞர்கள் தேடித் தேடிப் பார்த்து, 2017-ல் இணையத்தில் மறுபடியும் வந்தது.

அவர் மறைந்த அன்று இரவு பேரன் ஒரு பழைய எபிசோடைக் கம்ப்யூட்டரில் போட்டான். எனக்கு இப்போது காது மந்தம். ஒவ்வொரு வசனத்தையும் எனக்குத் திருப்பிச் சொன்னவள் என் மனைவிதான்.